ஆள் படத்தில் முகம் ஷார்ப்பாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்து ஆட்டோவா மேனுவலா என்று முடிவு செய்யுங்கள்

முகம் மங்கிய படத்தைப் பார்த்ததும் பலர் நேராக லென்ஸ் விலை விசாரிக்கப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். படம் ஏன் மங்கியது என்பதற்கான தடயம் அந்தப் படத்திலேயே இருக்கும், அதைப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை காசு செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

ஆட்டோ ஃபோகஸா மேனுவலா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். உங்களுக்கும் அந்த ஆளுக்கும் இடையில் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கிறதா? இருவருக்கும் நடுவில் ஏதாவது புகுந்து மறைக்கிறதா? தூரம் மாறினால் ஆட்டோ, அதில் யோசிக்கவே வேண்டாம். தூரம் அப்படியே இருந்து, நடுவில் மட்டும் புகை, கை, பூ, அட்சதை என்று ஏதேதோ குறுக்கே வந்தால் மேனுவல். கீழே உள்ள எல்லாமே இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் வரும்.

முதலில், இது ஃபோகஸ் பிரச்சினைதானா?

படத்தைக் கேமரா திரையில் முழுசாகப் பெரிதாக்கிப் பாருங்கள். காது ஜிமிக்கியோ, பின்னால் நிற்பவரின் சட்டைப் பித்தானோ, எங்காவது ஒன்று கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். படம் முழுக்க ஒரே திசையில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. தூண், சுவர், பந்தக்கால் எல்லாம் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் மங்கியிருந்தால் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்: கோடு கோடாகக் கலைந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார், எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி, நகையின் மினுக்கு சின்னச் சின்ன வட்டமாகத் தெரிந்தால் அது ஃபோகஸ் தவறியது. அசைவுக்கு மருந்து ஷட்டர் வேகம்தான். பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு 1/125 நொடி, நடப்பவருக்கு 1/250, தவில்காரரின் கை உறைந்து நிற்க வேண்டுமானால் 1/500க்கு மேல். இதைச் சரிசெய்யாமல் ஃபோகஸ் அமைப்பை எவ்வளவு நோண்டினாலும் பலன் இருக்காது.

அறிகுறி: முன்னால் இருப்பது ஷார்ப், முகம் மங்கல்

டெல்டாவில் கல்யாணம் எடுப்பவர்கள் எல்லோரும் இதைச் சந்தித்திருப்பார்கள். நாதஸ்வரம் வாசிப்பவரை நேர் எதிரே நின்று எடுங்கள். கருவியின் அகன்ற முனையான அணசின் வாய் உங்களைப் பார்த்து இருக்கும், விளிம்பில் வெளிச்சம் பட்டுப் பளிச்சென்று தெரியும், அது அவர் முகத்தைவிட ஒரு முழமாவது உங்களுக்குக் கிட்டே நிற்கும். ஃபோகஸ் பாயின்ட்டை (ஃபோகஸ் பிடிக்கும் இடத்தைக் காட்டும் சின்னக் கட்டம்) கேமராவே தேர்ந்தெடுக்கும் அமைப்பில் விட்டிருந்தால், அது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதையும் பளிச்சென்று இருப்பதையும்தான் பிடிக்கும். உங்களுக்கு வேண்டியது சீவாளியைக் கவ்விய உதடும் மூடிய கண்ணும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஆகவே ஒற்றைப் பாயின்ட்டுக்கு மாறுங்கள். பாயின்ட்டை நகர்த்தி அவருடைய கண்மேல் வையுங்கள். ராகம் விரியும்போது தலையும் கருவியும் சேர்ந்து ஆடும், தூரம் மாறும், அதனால் ஆளைப் பின்தொடர்ந்து ஃபோகஸை மாற்றிக்கொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸ்: கேனானில் சர்வோ, நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி. இதோடு நீங்கள் இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் அணசு முகத்துக்குக் குறுக்கே வருவதே நின்றுவிடும். முகூர்த்தம் முடிந்து வித்வான் ஓய்வாக இருக்கும்போது, “அண்ணே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி ஒரு கீர்த்தனை வாசிங்களேன்” என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது கேட்காதீர்கள்.

அறிகுறி: கண்ணில் பாயின்ட் வைத்தேன், பீப் சத்தமும் வந்தது, ஆனாலும் காதுதான் ஷார்ப்

நடுப் பாயின்ட்டை மட்டும் வைத்துக் கண்ணில் பிடித்து, பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி ஃப்ரேம் அமைக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். ஃபோகஸ் பிடிபட்ட தளம் கேமராவோடு சேர்ந்து திரும்பிவிடுகிறது. ஒன்றரை மீட்டரில் ஒருவர் உட்கார்ந்திருக்க, நீங்கள் 15 டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் அவர் கண்ணுக்குச் சுமார் 5 செ.மீ. பின்னால் போய் நிற்கும். கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 50 எம்எம் லென்ஸின் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, எஃப் 1.8இல் அகலத் திறந்து வைத்தால் அந்தத் தூரத்தில் ஷார்ப்பாகத் தெரியும் மொத்த ஆழமே ஏறக்குறைய 6 செ.மீ., அதில் பாதி முன்னால், பாதி பின்னால். பிறகு காது ஷார்ப்பாக வராமல் வேறு எது வரும்?

எஃப் 4க்கு மூடினால் இந்தத் தவறு பெரும்பாலும் அடங்கிவிடும். திறந்த அப்பர்ச்சரிலேயே எடுக்க ஆசை என்றால் திருப்பாதீர்கள், கண்ணுக்கு அருகில் உள்ள பாயின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: கேனான் 1500டி மாதிரி 9 பாயின்ட் கேமராவிலும் நிக்கான் டி3500 மாதிரி 11 பாயின்ட் கேமராவிலும் நடுப் பாயின்ட் ஒன்றுதான் குறுக்கும் நெடுக்குமாக இரு திசைக் கோடுகளையும் பார்க்கும் வகை. ஓரத்துப் பாயின்ட்டுகள் ஒரு திசைக் கோட்டை மட்டுமே பார்க்கும். புடவைக் கரை, திருநீற்றுப் பட்டை மாதிரி ஒரே திசையில் ஓடும் கோடுமேல் ஓரப் பாயின்ட் பிடிக்காமல் தடுமாறினால் கேமராவைச் சற்றே சாய்த்துப் பிடித்து ஃபோகஸ் வாங்குங்கள், உடனே பிடிக்கும்.

அறிகுறி: லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, எங்கும் நிற்கவில்லை

கிட்டே போய்விட்டீர்களா என்று முதலில் பாருங்கள். கேனான் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்குக் குறைந்தபட்சம் 35 செ.மீ. வேண்டும், நிக்கானின் 50 எம்எம் எஃப் 1.8ஜி லென்ஸுக்கு 45 செ.மீ. அதற்குள் போனால் எந்த லென்ஸாலும் முடியாது.

அடுத்தது, பாயின்ட் எதன்மேல் இருக்கிறது? வெள்ளைச் சட்டை, வெறும் கன்னம், சலவை வேட்டி, இவற்றில் கேமரா பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பும் கிடையாது. மை தீட்டிய கண் ஓரம், தலைமுடி நெற்றியைத் தொடும் இடம், ஜரிகை, மூக்குத்தி, இப்படி வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில் வையுங்கள். கோயில் பிராகாரத்தில் ஒற்றை எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பாட்டியை எடுக்கிறீர்கள் என்றால், விளக்கு படும் பக்கத்துக் கண்ணைத்தான் பிடிக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) ஆட்டோவில்தான் எடுப்பேன் என்றால், ஒருமுறை பிடித்து நிற்கும் ஒற்றை ஃபோகஸ் முறைக்கு மாறுங்கள், ஏனென்றால் இருட்டில் ஃபோகஸுக்கு உதவும் கேமராவின் சின்ன விளக்கு தொடர் ஃபோகஸில் எரியாது. ஆனால் பாட்டிக்கு அந்தக் கேமரா விளக்கு கண்ணைக் கூசும், சன்னதியில் மற்றவர்களுக்கும் தொந்தரவு, அதனால் இங்கே நான் மேனுவலைத்தான் சொல்வேன்: லைவ் வியூவில், அதாவது பின்திரையில், கண்ணைப் பெரிதாக்கி வைத்து லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். உட்கார்ந்திருப்பவர் எங்கே போகப் போகிறார்.

எதிர் வெயில் மூன்றாவது காரணம். ஆடிப்பெருக்கு அன்று காலையில் படித்துறையில் சூரியனைப் பார்த்து நின்று எடுத்தால் லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறி எல்லாம் வெளுத்துப்போகும், கேமராவுக்கு விளிம்பே தெரியாது. லென்ஸ் ஹூட் மாட்டுங்கள், இல்லையென்றால் இடது உள்ளங்கையை லென்ஸுக்கு மேலே குடை மாதிரி பிடியுங்கள். ஃபோகஸ் பிடித்த பிறகு கையை எடுத்தாலும் பரவாயில்லை.

அறிகுறி: கெட்டி மேளம் நேரத்தில் மட்டும் படம் போய்விடுகிறது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் மறுபடி எடுக்கலாம், தாலி கட்டுவதை யாரும் இரண்டாம் முறை கட்டிக் காட்ட மாட்டார்கள்.

அந்தச் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மணமகன் கை முன்னால் போகிறது, பின்னால் நாத்தனார் முடிச்சுப் போடக் குனிகிறார், சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அட்சதையும் உதிரிப்பூவும் வீசுகிறார்கள், உங்களுக்கு முன்னால் ஆறேழு கைபேசி எழும்புகிறது. தொடர் ஃபோகஸில் இருக்கும் கேமரா பறக்கிற அரிசியைப் பிடிக்கும், அதிலிருந்து கைபேசிக்குத் தாவும், மீண்டும் முகத்துக்கு வருவதற்குள் மூன்றாம் முடிச்சு விழுந்திருக்கும். ஒற்றை ஃபோகஸ் என்றால் ஷட்டர் பட்டனை அழுத்தும்போதெல்லாம் புதிதாகத் தேடும், பிடிபடாவிட்டால் பெரும்பாலும் கிளிக்கே ஆகாது.

ஆனால் தூரம்? மணமக்கள் மணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்களும் நின்ற இடத்தில் நிற்கிறீர்கள், தூரம் மாறவே இல்லை. குறுக்கே வருவதுதான் பிரச்சினை, ஆகவே இது மேனுவலுக்கு உரிய இடம். தட்டில் தாலி சபையில் ஆசீர்வாதத்துக்குப் போய்வரும் நேரம் உங்களுக்குப் போதும். அப்போதே இடத்தைப் பிடித்து, மணமகள் கண்ணில் ஆட்டோவில் ஃபோகஸ் வாங்கி, லென்ஸ் பக்கத்தில் உள்ள சுவிட்சை எம்எஃப்புக்கு (மேனுவல் ஃபோகஸ்) தள்ளிவிடுங்கள். சுவிட்ச் இல்லாத லென்ஸாக இருந்தால் மெனுவில் மாற்றுங்கள். கிராப் கேமராவில் 35 எம்எம், எஃப் 4, இரண்டு மீட்டர் தூரம் என்றால் சுமார் அரை மீட்டர் ஆழம் ஷார்ப்பாக இருக்கும், மணமகள் முகமும் தாலியும் மணமகன் கையும் அதற்குள் அடங்கும். அதன் பிறகு வளையத்தில் விரல் படக் கூடாது, ஜூமைத் திருப்பக் கூடாது, ஆர்வத்தில் முன்னால் சாயக் கூடாது. யாராவது தள்ளி நீங்கள் ஓரடி நகர்ந்துவிட்டால் ஃபோகஸ் பழைய இடத்திலேயே நிற்கும் என்பதை நினைவில் வைத்து, திரும்பப் பழைய இடத்துக்கு வாருங்கள்.

சுவிட்சைத் தள்ளிவிட்டு மறந்துபோகும் பயம் இருந்தால் பேக் பட்டன் ஃபோகஸ் உங்களுக்குப் பொருந்தும். ஃபோகஸ் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துப் பின்பக்கக் கட்டைவிரல் பட்டனுக்குக் கொடுத்துவிடுவது. கேனானின் சின்ன மாடல்களில் நட்சத்திரக் குறி போட்ட பட்டன், நிக்கானின் சின்ன மாடல்களில் ஏஇ-எல் பட்டன், இரண்டையும் மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால் தொடர் ஃபோகஸ், எடுத்துவிட்டால் ஃபோகஸ் அங்கேயே நிற்கிறது, அதாவது ஒரே விரலில் ஆட்டோவும் மேனுவலும். மாலை மாற்றும்போது தூரமும் மாறும், தோளில் தூக்கும் மாமன்மாரின் கையும் குறுக்கே வரும், அங்கே அழுத்தி அழுத்தி எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஓமகுண்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குண்டத்துக்கு மறுபக்கம் நின்று மணமக்களை எடுத்தால் ஆட்டோவிலும் முகம் சொதசொதவென்று வரும், மேனுவலிலும் அப்படியே வரும். நெருப்புக்கு மேலே எழும் சூடான காற்று ஒளியை வளைத்துக்கொண்டே இருக்கிறது, எந்த ஃபோகஸாலும் அதைத் தாண்ட முடியாது. பக்கவாட்டுக்கு வாருங்கள்.

அறிகுறி: வயலில் எடுத்தால் ஆள் மங்கல், தூரத்துத் தென்னை ஷார்ப்

வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், கும்பகோணம், திருவாரூர் பக்கம் கேமராவோடு வருபவர்களை வரப்புகளில் பார்க்கலாம். நடவு வயலில் ஒரு பொறி இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் தென்னையின் பிம்பம் தெரியும். உங்கள் பாயின்ட் ஆளைவிட்டு ஒரு இம்மி விலகித் தண்ணீர்மேல் விழுந்தால் கேமரா அந்தப் பிம்பத்தைப் பிடிக்கும், பிம்பத்துக்கு ஃபோகஸ் தூரம் தண்ணீர் வரைக்கும் கணக்கில்லை, அங்கிருந்து தென்னை வரைக்கும் சேர்த்துத்தான். ஆகவே ஆள் மங்கி, கரையில் நிற்கும் மரம் கூர்மையாகிவிடும்.

நடவு போடுபவர்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். எதிரே நின்றால் உங்களைவிட்டு விலகிப் போகிறார்கள், பின்னால் நின்றால் உங்களை நோக்கி வருகிறார்கள். தூரம் நிற்காமல் மாறுகிறது, ஆகவே தொடர் ஃபோகஸ், சின்னப் பாயின்ட்டாக இல்லாமல் நாலைந்து பாயின்ட் சேர்ந்த குழு, அதை முண்டாசிலோ தோளிலோ வைத்துத் தொடருங்கள். முகம் தரையைப் பார்த்திருப்பதால் முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி இங்கே அவ்வளவாக உதவாது. நிமிர்கிற கணத்துக்குக் காத்திருங்கள். “யக்கா, ஒரு படம் எடுத்துக்கவா?” என்று முதலிலேயே கேட்டுவிட்டால் அந்தக் கணம் தானாக வரும், கேட்காமல் எடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

கதிர் முற்றிய சம்பா வயலுக்குள் ஆளை நிறுத்தி எடுக்கும்போது முன்னால் ஆடும் கதிரை ஆட்டோ பிடிக்கிறதா? ஆள் நிற்கிறார், கதிர்தான் குறுக்கே வருகிறது. மேனுவல்.

அறிகுறி: முகத்தைக் கண்டுபிடிக்கும் கட்டம் ஆள் மாறி ஆள் தாவுகிறது

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில், ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் கண் ஃபோகஸ் அருமையான வசதி, தனி ஆளை எடுக்கும்போது நான் அதை அணைப்பதே இல்லை. கூட்டத்தில்தான் தொல்லை. திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்தினக் கீர்த்தனை பாடும்போது முகங்கள் வரிசை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். கேமராவுக்கு எல்லாமே முகம். ஒரு சிறிய ஃபோகஸ் கட்டத்தை வேண்டியவர்மேல் வைத்து, அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் கண்ணை மட்டும் பிடிக்கும்படி அமைத்தால் தாவல் குறையும். கேமரா அருகில் உள்ள கண்ணை விட்டுத் தூரத்துக் கண்ணைப் பிடித்தால், இடது கண், வலது கண் என்று தேர்வு செய்யும் இடம் மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்தால் அந்தப் பிரதிபலிப்பில் ஃபோகஸ் ஏமாறும், முகத்தைச் சற்றுத் தாழ்த்தச் சொன்னால் போதும்.

மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்மர் முகமூடி அணிந்து வரும்போது கேமரா அதை முகம் என்று ஏற்கும் என்று நம்பாதீர்கள். அங்கே ஒற்றைப் பாயின்ட்டுக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: குரூப் போட்டோவில் ஒரு வரிசை மட்டும் ஷார்ப்

இது ஃபோகஸ் பிசகு இல்லை, அப்பர்ச்சர். கிராப் கேமராவில் 50 எம்எம் லென்ஸில் 4 மீட்டர் தூரத்துக்கு எஃப் 2.8 வைத்தால் ஆழம் சுமார் 70 செ.மீ., எஃப் 8 வைத்தால் சுமார் 2 மீட்டர். மூன்று வரிசைக்கு எஃப் 8, நடு வரிசையில் ஃபோகஸ், வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றுங்கள். இரைச்சல் புள்ளி தெரிந்தால் தெரியட்டும், பெரியப்பா முகம் மங்குவதற்கு அது எவ்வளவோ மேல்.

அறிகுறி: ஆட்டோ ஃபோகஸ் வேலையே செய்யவில்லை

சுவிட்ச் எம்எஃப்பில் இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா? சரி, நிக்கான் வைத்திருப்பவர்கள் பழைய லென்ஸ் வாங்கும்போது இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1985இல் வந்த மினோல்டா 7000 ஃபோகஸ் மோட்டாரைக் கேமரா உடலுக்குள் வைத்தது, நிக்கானும் தொடக்கத்தில் அந்த வழியில்தான் போனது. கேனான் 1987இல் ஈஓஎஸ் கொண்டுவந்தபோது மோட்டாரை லென்ஸுக்குள் வைத்தது. அதனால் நிக்கானின் 50 எம்எம் எஃப் 1.8டி மாதிரிப் பழைய லென்ஸில் மோட்டார் இல்லை, டி3500, டி5600 உடல்களிலும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஆட்டோ வராது, மேனுவலில் மட்டும் எடுக்கலாம். பழுது என்று நினைத்து சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள்.

மறுபக்கம், மேனுவலில் வைத்து வளையத்தைச் சுற்றினாலும் ஒன்றும் மாறவில்லையா? கேனானின் எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டார்) லென்ஸ்களிலும் பெரும்பாலான மிரர்லெஸ் லென்ஸ்களிலும் வளையம் நேரடியாகக் கண்ணாடியைத் தள்ளுவதில்லை, மோட்டாருக்குக் கட்டளைதான் போகிறது. கேமரா தூங்கியிருந்தால் ஒன்றும் நடக்காது, ஷட்டரைப் பாதி அழுத்தி எழுப்புங்கள். சில லென்ஸ்கள் அணைத்துப் போட்டால் ஃபோகஸ் நிலையை மறந்துவிடும், முகூர்த்தத்துக்கு முன் அணைக்காதீர்கள்.

அறிகுறி: மேனுவலில் வியூஃபைண்டரில் ஷார்ப், படத்தில் மங்கல்

வியூஃபைண்டர் பக்கத்தில் உள்ள சின்ன டயாப்டர் சக்கரத்தைத் திருப்பி, உள்ளே தெரியும் எண்கள் தெளிவாகும்படி முதலில் சரிசெய்யுங்கள். அப்படியும் எஃப் 1.8 லென்ஸை டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் கண்ணால் மட்டும் பிடிப்பது கஷ்டம், இப்போதைய ஃபோகஸிங் திரைகள் அவ்வளவு மெல்லிய ஆழத்தைக் காட்டுவதில்லை. லைவ் வியூவில் பெரிதாக்கிப் பிடியுங்கள். மிரர்லெஸில் விளிம்புக்கு நிறம் காட்டும் பீக்கிங் கைகொடுக்கும், ஆனால் அது இருப்பதைவிட அதிக ஆழத்தை ஷார்ப் என்று காட்டும், கண் படத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் நம்பகம். 18-55 மாதிரி ஜூமில் ஃபோகஸ் பிடித்த பிறகு ஜூமைத் திருப்பினால் ஃபோகஸ் விலகும், திரும்பப் பிடிக்க வேண்டும்.

அறிகுறி: எப்போதும் ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ விழுகிறது

திண்ணையில் மூன்று டம்ளரை 3 செ.மீ. இடைவெளியில் முன்பின்னாகச் சற்று விலக்கி வையுங்கள், நடு டம்ளர் விளிம்பில் ஃபோகஸ் வைத்து முதலில் வியூஃபைண்டரில், பிறகு லைவ் வியூவில், ஸ்டாண்டில் நிறுத்தி எடுங்கள். லைவ் வியூவில் நடு டம்ளரும், வியூஃபைண்டரில் மட்டும் வேறு டம்ளரும் ஷார்ப்பாக வந்தால் லென்ஸுக்கும் கேமராவின் ஃபோகஸ் சென்சாருக்கும் ஒத்துப்போகவில்லை. உயர் ரக டிஎஸ்எல்ஆர்களில் மெனுவிலேயே நுண்திருத்தம் செய்யலாம், சின்ன மாடல் என்றால் இரண்டையும் சேர்த்து சர்வீஸ் சென்டரில் கொடுக்க வேண்டும். அதுவரை உட்கார்ந்த ஆள் படங்களை லைவ் வியூவில் எடுங்கள்.

அறிகுறி: எல்லாமே பனி மூட்டம் மாதிரி

ஏசி மண்டபத்திலிருந்து ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றுக்குள் வந்தால் குளிர்ந்த லென்ஸ் வியர்க்கும், ஆட்டோ பிடிக்காது, மேனுவலும் உதவாது. வெளியே வருவதற்கு முன்பே பையில் போட்டு ஜிப்பை மூடி, வந்த பிறகு அரை மணி நேரம் கழித்து எடுங்கள். துடைத்தால் திரும்பத் திரும்பப் படியும். காய்ந்த பிறகும் மூட்டம் போகாவிட்டால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் பூஞ்சை, பக்கத்து லென்ஸிலிருந்து அதைப் பிரித்து வைத்து உடனே சுத்தம் செய்யக் கொடுங்கள். சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா இந்த ஊர்ப் பக்கம் கேமரா வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் தேவை, ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துப் போட வேண்டும்.